பெரியப்பா மொழிபெயர்க்காத வாக்கியம்

போன செவ்வாய்க்கிழமை காலையில் நைட்டிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். ஆத்தூரிலிருந்து பெரியம்மா போன் செய்தார்கள். "உன் பெரியப்பா எந்திரிக்கலடி" என்றார்கள். தூக்கத்திலேயே போய்விட்டார்களாம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா பெரியப்பாவோடு பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பெரியப்பா திண்டுக்கல்லில் ஒரு தோல் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். விசுவாசத்தைத் தட்டியெழுப்பச் சபைகள் பந்தல் போட்டு நடத்தும் எழுப்புதல் கூட்டங்களுக்கு வெளிநாட்டுப் பிரசங்கியார்கள் வந்தால், பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது அவர்கள்தான். பிரசங்கியார் கையைத் தூக்கினால் பெரியப்பாவும் தூக்குவார்கள். அவர் குதித்தால் மட்டும் குதிக்க மாட்டார்கள். "குதிச்சா வேட்டி நிக்காதும்மா" என்பார்கள்.

எழுப்புதலின் சரித்திரம் என்றால் அவர்களுக்கு உயிர். எங்கள் வீட்டில் காப்பி ஆறிப்போகும்வரை அதையே பேசுவார்கள். ஒரு தேசத்தில் முழங்காலில் நின்றவர்கள் எழுந்துபோய் அடிமை வியாபாரத்தை எதிர்த்தார்களாம். இன்னொரு இடத்தில் சுரங்கத் தொழிலாளிகள் குடியை விட்டார்களாம். அந்த அனல் பட்டவர்கள் கப்பலேறி வந்து நம் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டினார்களாம்.

அப்பா சீண்டுவார். "இம்புட்டுக் கூட்டம் போட்டீங்க சகல, நம்ம தெருமுக்குப் பிராந்திக் கடைய மூட முடியலையே?"

"நீரு போறத நிறுத்தும். பாதி மூடுன மாதிரிதான்."

சிரித்து முடித்துவிட்டுச் சொல்வார்கள்: "கூட்டத்துல எத்தன பேரு அழுதாகன்னு பாக்கக் கூடாதுய்யா. பந்தலப் பிரிச்ச பெறகு அந்த ஊரு என்னாச்சுன்னு பாக்கணும்."

என் அம்மாவுக்கு வலிப்பு உண்டு. ஒருமுறை அடுப்பின் மேலேயே விழுந்துவிட்டார். கூட ஆள் வேண்டும் என்று நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட ஆரம்பித்த பிறகு வலிப்பு வரவில்லை. ஆனாலும் முழுச் சுகம் வேண்டும் என்று அம்மாவுக்கு ஏக்கம். இரண்டு வருடத்துக்கு முன் நடந்த எழுப்புதல் கூட்டத்துக்கு உபவாசம் இருந்து வந்து, முன்வரிசையில் என்னோடு உட்கார்ந்தார்.

விசுவாசம் உள்ளவர்கள் மாத்திரைகளை இப்போதே மேடையில் எறியுங்கள் என்று பிரசங்கியார் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கே அது புரிந்தது. அம்மா தமிழுக்காகக் காத்திருந்தார், பையைத் திறந்து வைத்துக்கொண்டு.

பெரியப்பா மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார்கள். பிறகு, "மாத்திரையக் கையில வச்சு ஜெபம் பண்ணுங்க. பண்ணிட்டு நேரத்துக்குச் சாப்பிடுங்க. டாக்டர் சொல்லாம ஒருநாளும் நிறுத்தாதீங்க" என்றார்கள்.

கூட்டம் முழுவதும் ஆமென் சொன்னது. பிரசங்கியாரும் சந்தோஷமாக ஆமென் சொன்னார்.

கூட்டம் முடிந்ததும், அதை நடத்திய கமிட்டிக்காரர் ஒருவர் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, அவர் சொன்னது ஒண்ணு, நீங்க சொன்னது ஒண்ணு."

"ஆமா தம்பி. தெரிஞ்சுதான் சொன்னேன்."

அதன் பிறகு அவர்களை எந்த மேடைக்கும் அழைக்கவில்லை. கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் யாராவது பேசினால் அவர்கள் உதடு மட்டும் அசையும்.

விஷயம் தெரிந்து அம்மா கொதித்துப்போனார். "எனக்கு வந்த வார்த்தைய நீங்க எப்படி அத்தான் மாத்தலாம்? நான் சொகமாயிருப்பேன்ல?"

"ஆஸ்பத்திரி கட்டுன அக்கினி தாயி அது. மாத்திரைய எறியச் சொல்லாது. நான் செஞ்சது தப்புன்னா ஆண்டவர்ட்ட நானே பதில் சொல்லிக்கிறேன்."

அம்மா உள்ளே போய்விட்டார். அன்று கூட்டத்தோடு எறிந்திருந்தால் எறிந்ததுதான். வீட்டில் தனியாக எறிய அவருக்குக் கை வரவில்லை.

அடக்கத்தன்று ஆத்தூர்க் கல்லறைத் தோட்டத்தில், யாராவது பேசுகிறீர்களா என்று போதகர் கேட்டார். கமிட்டிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். யாரும் எதிர்பாராமல் அம்மா முன்னால் போனார்.

"அத்தான், அன்னைக்கு நீங்க செஞ்சது தப்புன்னுதான் இன்னமும் நெனைக்கிறேன்" என்றார். "அதச் சொல்றதுக்கு நான் உசுரோட நிக்கிறேன்."

எல்லோரும் கலைந்த பிறகும் அம்மா குழியோரம் நின்று பெரியப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். இரண்டு வருடப் பேச்சு பாக்கி இருந்தது. நான் தள்ளியே நின்றேன்.

போய் இளைப்பாறுங்கள், பெரியப்பா. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.