சந்தனமா, பிஸ்கட்டா?

பெயிண்டர் வேலையில வெயிலைத் தாங்கிரலாம், கழுத்து வலியைத் தாங்கிரலாம். வீட்டுக்காரவிய கலர் முடிவு பண்ணுத வரைக்கும் டப்பாவைத் திறக்காம உக்காந்திருக்கதைத்தான் தாங்க முடியாது. வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்ச நீங்களும் இந்தப் பாட்டைப் பட்டிருப்பீங்க.

ரெண்டு சதுரம்

இடைசெவல்ல ஒரு வீடு. மக தலைப்பிரசவத்துக்குப் புதியம்புத்தூர் மாமியார் வீட்டுல இருந்து வாரா. அவ படுக்கப் போற ரூமுக்கு மட்டும் பெயிண்ட். பழசைச் சுரண்டி, பட்டி பூசிச் சுவத்தை மட்டமாக்கிட்டேன். பெயிண்ட் வாசம் போக நாளாகும், கலரைச் சட்டுனு சொல்லுங்கன்னேன். அம்மா மரியக்கா சந்தனம்னாவ, அப்பா அந்தோணி அண்ணாச்சி பிஸ்கட்னாவ. சுவத்துல ரெண்டையும் சதுரமா அடிச்சுக் காட்டினேன். சத்தியமா, அடிச்ச எனக்கே வித்தியாசம் தெரியல. அக்கா மூக்கு சுவத்துல ஒட்டப் பாத்துட்டுச் சொன்னாவ: "இது சிரிக்குது, அது மொறைக்குது. தெரியலியா தம்பி?"

கட்சி மாறியாச்சு

மறுநாள் சந்தனம்னு முடிவாச்சு. ரோலரை நனைச்சுட்டேன். மத்தியான வெயில் ஜன்னல் வழியா விழுந்ததும் அக்கா பிஸ்கட்டுக்கு மாறிட்டாவ. அதைக் கேட்டதும் அண்ணாச்சி சந்தனத்துக்கு மாறிட்டாவ!

புதுசா ரெண்டு சதுரம் அடிச்சேன். சாயங்காலம் காத்துல கரிசல் புழுதி வந்து ஈரத்துல அப்பி, ரெண்டும் ஒரே அழுக்கு. எனக்கு அழுகையே வந்துட்டு. அண்ணாச்சி அசரணுமே: "புழுதி படிஞ்சா எது எடுப்பா இருக்குன்னு பாக்கத்தானய்யா நிக்கோம்!"

போன்ல கேட்டாச்சு

மகளுக்கே போட்டோ அனுப்பிக் கேட்டாவ. நிறைமாசப் பிள்ளை, பாவம், "எதுன்னாலும் சரிம்மா, நான் வந்து படுத்தாப் போதும்"னு சொல்லிச்சு. அதோட விடுவாவளா? போனை வச்சுட்டு மரியக்கா என்கிட்ட, "அவ மனசுல சந்தனம்தான் இருக்கு, குரல்லயே தெரியுது."

அண்ணாச்சிக்குப் பிஸ்கட்னு கேட்டுச்சாம்.

வாசம்

'ரூம் முடியட்டும், ரூம் முடியட்டும்'னு மகளைக் கூப்பிடப் போறதைத் தள்ளிக்கிட்டே இருந்தாவ. ஒரு நாள் காலையில மருமகன்கிட்ட இருந்து போன். தேதிக்கு முந்தியே வலி வந்து, ஆஸ்பத்திரியில சேத்து, பெண் குழந்தை பிறந்தாச்சு. "வீட்டுக்கு விட்டதும் இங்கன கூட்டிட்டு வாரோம்"னு மரியக்கா கெஞ்சினாவ. பச்சப்பிள்ளைக்குப் பெயிண்ட் வாசம் ஆகாது, தாயும் பிள்ளையும் எங்க வீட்டுலயே இருக்கட்டும்னு சம்பந்தியம்மா போனை வாங்கி ஒரே பேச்சா முடிச்சுட்டாவ. தலைப்பிரசவத்தைத் தன் கையால பாக்கணும்னுதான அக்கா இவ்வளவு பாடும் பட்டாவ. எதை அடிக்கட்டும்னு கேட்டேன். அக்கா சுவத்துப் பக்கமே திரும்பல: "எதையாவது அடிச்சுட்டுப் போங்க தம்பி, இங்கன யாரு படுக்கப் போறா?"

அந்த ரூமை அடிச்சு முடிக்க எனக்கு அரை நாள்தாங்க ஆச்சு.