கட்டுப் போட வேண்டாம்

என் கணவர் பட்டாளத்துக்குப் போகும்போது அவருடைய அம்மாவையும் அவருடைய நாயையும் என் பொறுப்பில் விட்டுப் போனார். அத்தை தன்னைத் தானே பார்த்துக்கொள்வார். நாய்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. எங்கள் இராஜபாளையத்து வெள்ளை வேட்டை நாய், பிறவியிலேயே காது கேளாதது. அந்த ஜாதியில் அப்படிச் சில குட்டிகள் பிறக்கும். கூப்பிட்டால் வராது, தரையைக் காலால் தட்டினால் திரும்பிப் பார்க்கும். "நான் வார வரைக்கும் அதப் பத்திரமாப் பாத்துக்க" என்று ரயிலேறும்போது சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் உண்டு.

மறு வருஷம் நாயின் பின்னந்தொடையில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி வந்தது. பற்றுப் போட்டுப் பார்த்தும் கரையவில்லை. மாட்டு வண்டியில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தெருவே சிரித்தது. அங்கிருந்த டாக்டர் வடக்கேயிருந்து வந்தவர். நல்ல கைக்காரர்தான், ஆனால் வாயில் எந்நேரமும் வெற்றிலை. கட்டியை அறுத்தெடுத்துத் தையல் போட்டுவிட்டு, சாற்றைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டே ஏதோ சொன்னார். "கட்டிப் போட வேண்டாம்" என்று என் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் சங்கிலியை அவிழ்த்துவிட்டேன். புண்ணில் ஈ மொய்க்குமே என்று பழைய வேட்டியைக் கிழித்து இறுகச் சுற்றினேன். நாய் கண்மாய்க் கரை வரை ஓடித் திரிந்தது. ஒரு வாரத்தில் துணி நாறத் தொடங்கியது. பிரித்துப் பார்த்தால் தையல் விட்டுச் சீழ் பிடித்திருந்தது. தரையைத் தட்டினேன். தலையைக்கூடத் தூக்கவில்லை.

மறுபடியும் வண்டி, மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர். உள்ளே நுழைந்ததுமே டாக்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க சொன்னபடிதான செஞ்சேன்? கட்டிப் போட வேண்டாமுன்னு சொன்னிய, அவுத்து விட்டேன். இப்பப் பாருங்க!"

"கட்டுப் போட வேண்டாம்னு சொன்னேம்மா. புண்ணு காத்தாட இருக்கணும். நாயைக் கட்டித்தான் போடணும்" என்றவர், அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நாய்க்குத்தான் காது கேக்காதுன்னு நெனச்சேன்" என்றார்.

ஓர் எழுத்து மாறியதில் நான் இரண்டையும் தலைகீழாகச் செய்திருந்தேன்.

"எங் காதுல ஒரு கொறையும் இல்ல. ஒங்க வாயில கெடக்க வெத்தலையக் கேளுங்க. நாளைக்கு அவிய வந்து, நாயை என்ன செஞ்சேன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

கம்பவுண்டர் பதறிப் போனார். டாக்டர் வெளியே போய் வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"தப்பு என்னோடதும்மா. அவர் வந்தா அப்படியே சொல்லுங்க. நம்பலைன்னா இங்க கூட்டிட்டு வாங்க, நானே சொல்றேன்."

புண்ணைக் கழுவி மறுபடியும் தைத்தார். பிறகு நாயைத் தூணில் தானே கட்டிக் காட்டினார். புண்ணைத் தொட்டு, துணி கூடாது என்று கையை ஆட்டினார்.

"இந்தச் சாடை எனக்கா, நாய்க்கா?" என்றேன்.

"ரெண்டு பேருக்கும்தான்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாய் பிழைத்தது. ஆனால் அந்தக் கால் மடங்காமல் விறைத்துப்போனது. அதன் பிறகு அது முயல் விரட்டவே இல்லை.

சண்டை முடிந்து அவர் வந்தபோது நாய் நொண்டிக்கொண்டே போய் அவர் மேல் விழுந்தது. அவர் தழும்பைத் தடவிப் பார்த்தார். நான் பதிலோடு காத்து நின்றேன். "உசுரோட கெடக்கே, அது போதும்" என்று சொல்லிக் குளிக்கப் போய்விட்டார்.

எனக்குப் போதவில்லை. இத்தனை நாள் கேட்கப்போகிறார், கேட்கப்போகிறார் என்று பயந்தது யார்? மறுவாரமே அவரையும் நாயையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் நாயின் காலைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்தார். எழுந்து வெளியே போனார்.

"என்ன, நம்மளப் பாத்ததும் எந்திச்சுப் போறாரு?" என்றார் என் கணவர்.

"இருங்க, வருவாரு" என்றேன். வெளியே அவர் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.