மடிக்காமல் வெட்டிய பிளவுஸ்

1. வாசலில் கழற்றிய பின்

முதல் நாளே என்னைக் கேற்றில் மறித்துவிட்டார்கள். கிளிநொச்சிப் பக்கம் அப்போது புதிதாகத் திறந்திருந்த கார்மென்ட் ஃபாக்டரி அது. பஸ்ஸில் வந்து இறங்கிய பெண்கள் எல்லாரும் வரிசையாக உள்ளே போனார்கள். என் சட்டையின் வலது தோளில் குத்தியிருந்த சேப்டி பின்னைச் செக்யூரிட்டிப் பெண் கண்டுபிடித்து, கழற்றச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். வேலைக்கு வந்த அன்றே வாய் காட்டியவள் என்ற பெயர் எனக்கு அந்தக் கேற்றடியில் கிடைத்ததுதான். இன்றுவரை போகவில்லை.

வீம்புக்குச் சொல்லவில்லை. சண்டையின் கடைசி மாதங்களில் இடம்பெயர்ந்து ஓடித் திரிந்தபோது ஒரு ஷெல் துண்டு என் வலது தோளில் பட்டது. எலும்பு எப்படியோ பொருந்திவிட்டது. ஆனால் அந்தத் தோள் மற்றதைவிட இரண்டு விரல் அளவு பதிந்துபோயிற்று. கடையில் வாங்கும் எந்தச் சட்டையும் அந்தப் பக்கம் வழுக்கி இறங்கும். உள்ளே ஒரு பின் குத்தாமல் நான் படலையைத் தாண்டுவதில்லை.

சத்தம் கேட்டு எங்கள் லைன் சுப்பர்வைசர் சுமதி அக்கா வந்தார். வவுனியாவைச் சேர்ந்தவர். குரல் உயராது, ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

"தங்கச்சி, இஞ்ச பின் ஒண்டும் உள்ளுக்குக் கொண்டுபோகேலாது. நாங்கள் தைக்கிறதில சின்னப்பிள்ளையளின்ர உடுப்பும் இருக்கு. ஒரு பின் அதுக்குள்ள போச்செண்டால் எந்தப் பிள்ளைக்கு எங்க குத்துமோ, ஆருக்குத் தெரியும்?"

சின்னப்பிள்ளைகள் என்றதும் கழற்றிக் கொடுத்தேன். யூனிபோம் டீசேர்ட் தந்தார்கள். அன்று முழுக்க ஒரு கை துணியில், மற்றக் கை கழுத்தில். இழுத்து விடுவதும் அது இறங்குவதுமாகப் பொழுது போயிற்று. டார்கெட்டில் பாதிகூடத் தேறவில்லை. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. யாரிடம் கோபம் என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டீசேர்ட்டை உட்புறம் திருப்பி, வலது தோளில் சிறு மடிப்பொன்று பிடித்துக் கை ஊசியால் தைத்தேன். கோணல் தையல்தான். ஆனாலும் மறுநாள் அது வழுக்கவில்லை. எனக்காக நான் தைத்த முதல் தையல் அது. அந்தச் சந்தோசத்தில் அன்று யாரோடும் சண்டை பிடிக்கவில்லை.

2. கை மட்டும் தெரியும்

எனக்குத் தந்த வேலை சட்டைக்குக் கை பொருத்துவது. லைனில் ஒருத்தி கொலர் தைப்பாள், ஒருத்தி பொக்கெட் வைப்பாள், ஒருத்தி பட்டன் அடிப்பாள். முழு உடுப்பை ஒருத்தியும் தைப்பதில்லை. வெட்டும் வேலை கட்டிங் செக்‌ஷனில், வேறு கட்டடத்தில். எங்களுக்கு வெட்டிய துண்டுகள் கட்டுக் கட்டாக வந்து சேரும். இடக்கை, வலக்கை, இடக்கை, வலக்கை என்று நான் பொருத்திக்கொண்டே போவேன்.

லைன் முடிவில் தரம் பார்க்கும் கியூ.சி. மேசை. அங்கே தேவிகா இருந்தாள். மலையகத்தில் இருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறிய குடும்பம், தகப்பன் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். என்னைவிட வயது குறைவு, ஆனால் கண் கழுகுக் கண். ஒவ்வொரு பீஸையும் மேசையில் விரித்து இடத்தையும் வலத்தையும் அளப்பாள். ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடினாலும் ரிஜெக்ட். ஸ்டிக்கரோடு என்னிடமே திரும்பி வரும். முதல் மாதம் அவளை நான் மனதுக்குள் திட்டாத நாள் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாட்டுப் பெட்டி.

ஊரில் நிலைமை வேறு. கார்மென்ட்டுக்குப் போகிறவள் என்றால் எல்லாம் தைப்பாள் என்று நினைத்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்வமக்கா மகளின் பள்ளிக்கூடச் சட்டைத் துணியோடு வந்து நின்றார். எனக்கு வெட்டத் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை.

"மூண்டு வரியமா அங்க என்னதான் செய்யிறாய்?"

"கை பூட்டுறன்."

"வேற?"

"மற்றக் கையும் பூட்டுறன்."

செல்வமக்கா துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா சமைத்துக்கொண்டு குசினிக்குள் நின்று சிரித்த சிரிப்பு வளவெல்லாம் கேட்டது. எனக்கும் சிரிப்புத்தான். ஆனாலும் எங்கேயோ சுட்டது. எங்கள் வீட்டில் மீள்குடியேறிய காலத்தில் உதவியாகக் கிடைத்த தையல் மெஷின் ஒன்று இருந்தது. சீலையால் மூடி, அதன்மேல் சாமிப் படம் வைத்திருந்தோம்.

3. தோழி

என் தம்பி குகனுக்குப் புதுக்குடியிருப்பில் கலியாணம் சரிவந்தது. பெண்ணின் பெயர் நிலானி, நல்ல பிள்ளை. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழி. பெண்ணோடு கூடவே நிற்க வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் கூந்தலையும் மாலையையும் பின்னால் இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டும். குகனுக்கு இருப்பது நான் ஒருத்திதான்.

நான் ஏலாது என்றேன். பெரியம்மாவின் மகள் சாந்தி நிற்கட்டும், அவள் வடிவாக நிற்பாள் என்றேன். அம்மா ஏசினார். நான் பதிலுக்கு ஏசினேன். காரணத்தை மட்டும் வாய் திறந்து சொல்லவில்லை.

காரணம் பிளவுஸ். சேலை முந்தானை இடத்தோளில் போகும். எனக்குப் பதிந்தது வலத்தோள். அதை மறைக்க ஒன்றும் இல்லை. டவுனில் ஒரு தையல்கடையில் முன்பு தைப்பித்தேன். இரண்டு பக்கமும் சமனாகத் தெரிய வேண்டுமென்று அவர் வலப்பக்கம் ஸ்பொஞ்ச் வைத்துத் தந்தார். அது காயத்தின் தழும்பில் அழுத்தும். கையைத் தூக்கினால் ஸ்பொஞ்ச் ஒரு பக்கம் போகும், பிளவுஸ் இன்னொரு பக்கம் போகும். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வீடியோக்காரன் லைட்டைப் பிடிக்க, நான் இரண்டு கையையும் தூக்கி நிற்பதை நினைத்தாலே சாந்தி நிற்கட்டும் என்றுதான் வாயில் வந்தது. தம்பியின் தாலி கட்டு நேரத்தில் சனம் என் தோளைப் பார்த்து உச்சுக் கொட்டக் கூடாது.

குகன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"அக்கா நிக்காட்டி ஒருத்தரும் நிக்கவேண்டாம். நிலானியின்ர தலைமயிரை நானே பிடிச்சுக்கொண்டு தாலியைக் கட்டுறன்."

சாய், இவனை என்ன செய்வது! இடம்பெயர்ந்த காலத்தில் சிறுவனாயிருந்த அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவள் நான். எழுந்து போய் மெஷினுக்கு மேலிருந்த சாமிப் படத்தை வேறு இடத்தில் வைத்தேன்.

4. மேசையில் ரிஜெக்ட்

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவிகாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் வெட்டத் தெரியாது. என்றாலும் உடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. பழைய பிளவுஸ் ஒன்றைப் பிரித்து, அதைப் பார்த்து, துணியை இரண்டாக மடித்து, என் நல்ல தோளின் அளவில் வெட்டினோம். மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் அச்சொட்டாக ஒன்று. அதைவிட்டால் வேறு முறை இருக்கிறதென்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

தையல் என்றால் தையல்! நூல் பிசகவில்லை. தேவிகா பழக்க தோசத்தில் உட்புறம் திருப்பிப் பார்த்தாள், இடம் வலம் அளந்தாள், பாஸ் என்றாள். நான் போட்டேன். கையைத் தூக்கி இறக்கினேன். வலப்பக்கம் வழுக்கி முழங்கைக்குப் பாதித் தூரம் வந்துவிட்டது. கார்மென்ட்காரிகள் இரண்டு பேர் சேர்ந்து, யாரோ நேரான தோள்காரிக்கு முதல் தரமான பிளவுஸ் தைத்து வைத்திருந்தோம்.

நான் கதிரையில் உட்கார்ந்து அழுதேன். அழுவதில் எனக்கு வெட்கம் இல்லை. தேவிகா அளவுநாடாவை எடுத்து வந்து, கழுத்தடியில் இருந்து என் இடத்தோளை அளந்தாள், பிறகு வலத்தோளை அளந்தாள். முன்னாலும் பின்னாலும் இறக்கம் பார்த்தாள். ஃபாக்டரியில் பீஸைப் பார்ப்பதுபோலவே முகம்.

"அக்கா, நீங்க ரெண்டு சைசு. ஒரு சைசுல தைச்சா எப்படி இருக்கும்?"

அவ்வளவுதான். அவள் அதைப் பாவம் பார்த்துச் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது. அத்தனை வருசமும் எல்லாரும் என் தோளைச் சட்டைக்குச் சரிக்கட்டப் பார்த்தார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

பழைய பேப்பர்த் தாளை என் உடம்பில் வைத்து அம்மா பிடிக்க, தேவிகா கோடு போட்டாள். இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று. துணியை விரித்துப் போட்டு, மடிக்காமல் வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் போக மறுத்தது. வேலை பழகிய கை அல்லவா, தன்பாட்டில் துணியை மடிக்கப் போயிற்று. முதல் முறை பிழையாயிற்று, வலக்கை இறுகிவிட்டது. பிரித்தேன். அடுத்ததில் அக்குளடி சரியில்லை. அதையும் பிரித்தேன். இவை எல்லாம் பழைய சீலைத் துண்டில்.

கலியாணத் துணிக்கு அம்மா இருண்ட நிறம் எடுக்கச் சொன்னார், தோள் கண்ணில் படாது என்று. நான் மாம்பழ மஞ்சள் எடுத்தேன். சேலையின் கரை பச்சை என்பதால் கழுத்துக்குப் பச்சை பைப்பிங். வெட்டும்போது இன்னொரு ஆசை வந்தது. கழுத்தை நேராக வெட்டாமல், வலத்தோள் போகும் போக்கிலேயே கொஞ்சம் சரித்து வெட்டினேன். ஒருவரும் சொல்லித்தரவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே நினைத்தது. பைப்பிங் வைத்துத் தைக்கும்போது வாய்க்குள் பாட்டு வந்தது. கை பூட்டிய அத்தனை நாளிலும் எனக்குப் பாட்டு வந்ததே இல்லை.

தேவிகா அதை மேசையில் விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"மேசையில வச்சா ரிஜெக்ட்டு. போட்டுக் காட்டுங்க."

போட்டேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். ஒன்றும் அசையவில்லை. இறக்கினேன், மறுபடி தூக்கினேன். தேவிகா என்னைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். பிறகு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். எங்கே போனது கியூ.சி. முகம் என்று தெரியவில்லை.

இப்போது நான், மாதிரி உடுப்பை ஒருத்தியே முழுதாகத் தைக்கும் சாம்பிள் ரூமில் வேலை செய்கிறேன். லீவு நாளில் நான் போடும் பஞ்சாபிச் சட்டை, ஹவுஸ்கோட் எல்லாம் என் தையல்தான். எல்லாவற்றிலும் கழுத்து சரிவுதான். இன்னார் வருகிறாள் என்று தூரத்திலேயே தெரியும் என்கிறார்கள். புதிதாக லைனுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கம்பனி உடுப்பை மடித்து வெட்டிய மாதிரியே தையுங்கள், அது பிழையாகக் கூடாது. உங்களுக்கென்று வெட்டும்போது துணியை விரியுங்கள். முதலில் உங்கள் உடம்பை அளந்து பாருங்கள், அது என்ன சொல்கிறதோ அதுதான் சைஸ். யாருக்கும் இரண்டு பக்கமும் ஒன்று இல்லை. எனக்கு வித்தியாசம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

5. தாலி கட்டு

அந்த மஞ்சள் பிளவுஸோடு நான் தோழியாக நின்ற கலியாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. நிலானிக்குக் கூந்தல் கனம், மாலையும் கனம். கெட்டிமேளம் முழங்கியதும் குகன் தாலியோடு குனிந்தான். நான் இரண்டு கையையும் தூக்கிக் கூந்தலை உயர்த்திப் பிடித்தேன். பதற்றத்தில் அவனுக்குத் தாலிக்கொடியின் கொளுவி உடனே பூட்டவில்லை. மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. வீடியோக்காரனின் லைட் என் முகத்திலும் தோளிலும் நேரே விழுந்தது. நான் கையை இறக்கவில்லை. என் தோள் பதிந்தபடிதான் இருந்தது, கண் உள்ளவர்கள் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும். எனக்கு அந்த நேரம் தம்பியின் விரல்கள் மட்டும்தான் கண்ணில் தெரிந்தன. "ஆறுதலாப் பூட்டு ராசா, நான் பிடிச்சிருக்கிறன்" என்றேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் கண் நிறைந்திருந்தது. பிறகு பூட்டிவிட்டான்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் பெண்கள் எல்லாரும் சேலையை உரிந்து எறிந்துவிட்டு ஹவுஸ்கோட்டுக்கு மாறினார்கள். யாருக்குத்தான் அந்த வெக்கையில் பட்டு உடம்பில் கிடக்கும்? நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்றடியில் சமையல் கிடாரங்களைத் தேய்க்கப் போனேன். அம்மா பின்னால் வந்தார்.

"உதைக் கழட்டிப்போட்டு வாவன் பிள்ளை. புதுப் பிளவுஸ், கரி பிரளப்போகுது."

"பிரளட்டும் அம்மா," என்றேன். "எனக்கு இதைக் கழட்ட மனமில்லை."

அம்மா பக்கத்தில் குந்தி, என் கையிலிருந்த கிடாரத்தை வாங்கித் தானே தேய்க்கத் தொடங்கினார்.