ஆவணியில் பாதிதான் ஓடும்

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை என் அக்கா ஜோதி கம்பெனிக்குப் போகமாட்டாள். மொபெட்டை எடுத்துக்கொண்டு, மோகனூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் மண்தடங்களில் பத்துக் கோழிப்பண்ணைகளுக்கும் போய்வருவாள். பத்தும் அவளிடம் முட்டை ட்ரே வாங்குகிற பண்ணைகள். வசூலுக்குப் போகிறாள் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அவள் போவது குஞ்சு பார்க்க.

முட்டையிடும் கோழிகள் நிற்கிற நீளமான செட்டுகளை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தோட்டத்தின் கடைசியில் தார்ப்பாய் கட்டி, பல்பு எரியவிட்டு, ஒருநாள் குஞ்சுகளை வளர்க்கும் சின்ன செட்டு இருக்கும். மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு அதன் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள். இந்த மாதம் எத்தனை குஞ்சு விட்டார்கள் என்று கேட்பாள். அவ்வளவுதான் வேலை. இன்று விட்ட குஞ்சு இருபதாவது வாரம் முட்டை வைக்கத் தொடங்கும். இன்று காலியாகக் கிடக்கிற செட்டுக்கு ஐந்து மாதம் கழித்து ட்ரே தேவைப்படாது. கம்பெனியில் கூழ்த்தொட்டிக்கு மேலே சுவரில் சித்திரையிலிருந்து பங்குனி வரை எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் நேரே சாக்பீஸில் ஓர் எண் போட்டிருப்பாள். அந்த மாதம் எவ்வளவு ட்ரே ஓடும் என்பது அந்த எண். பதினான்கு வருடத்தில் அது பெரிதாகத் தப்பியதில்லை.

கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு பழைய மெஷின், ஒன்றேகால் ஏக்கர் களம். பழைய பேப்பரையும் கிழிந்த ட்ரேக்களையும் தொட்டியில் ஊறவைத்துக் கூழாக அடித்து, அச்சில் வார்த்து, ஈர ட்ரேக்களைக் களத்தில் வெயிலுக்குப் பரப்புவார்கள். பதினோரு பெண்கள் வேலை. செங்கோடன் அத்தான் கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது, ட்ரே எல்லாம் வெளியூரிலிருந்து வருகிறதே என்று அக்காதான் முதலில் கேட்டாள். நகையை விற்று மெஷின் வாங்கினார்கள். மெஷின் வந்த ஏழாவது வருடம் அத்தான் நெஞ்சுவலியில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அக்கா களத்துக்கு வந்து, சொட்டச் சொட்ட ஈரத்தோடு இருந்த ட்ரேக்களைத் தானே பரப்பினாள் என்று செல்லாயி இன்றும் சொல்வாள். செல்லாயி அந்தப் பதினோரு பேரில் மூத்தவள். முதலாளியை வாடி போடி என்பவள்.

நான் ஜோதியின் தம்பி அறிவு. பத்தாவது வரை தமிழிலும் அதற்கு மேல் இங்கிலீஷிலும் படித்து, மெல்போர்னில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வாரம் ஒருமுறை அக்காவிடம் பேசுவேன். 2020 மார்ச்சுக்குப் பிறகு தினமும் இரண்டுமுறை.

அந்த மார்ச்சில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று யாரோ கிளப்பிவிட, முட்டை விலை இரண்டு ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். சத்துணவு முட்டை நின்றது. அப்புறம் லாரி நின்றது. கோழி நிற்கவில்லை.

"கோழிக்கு யாருடா லாக்டவுன் சொல்றது? அது பாட்டுக்கு வெச்சுத் தள்ளுது" என்றாள் அக்கா. "பண்ணையில கால் வெக்க எடமில்லை. அத்தனையும் ட்ரேயில அடுக்கி வெச்சிருக்கறாங்க. சந்தைக்குப் போன ட்ரே திரும்பி வந்தாத்தானே? ரமேஷ்குமார் தெனமும் போன் பண்ணி, அக்கா ட்ரே, அக்கா ட்ரேங்கறான்."

ரமேஷ்குமார் அவளிடம் அதிகம் வாங்கும் பண்ணைக்காரர். அறுபதாயிரம் கோழி.

"அப்ப நல்லதுதானே அக்கா?"

"இப்ப நல்லதுதான்."

அந்த 'இப்ப'வை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் அவளுக்குப் பேப்பர் வாங்கவும் கூலி கொடுக்கவும் ஆறு லட்சம் வேண்டியிருந்தது. வங்கியில் கேட்டதற்கு, அடுத்த ஒரு வருடத்துக்கு வியாபாரம் எப்படி இருக்கும் என்று மாதவாரியாக எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். "நீதான் எழுதித் தரோணும் சாமி. அவங்க கேக்கறது இங்கிலீசுல" என்றாள்.

எனக்கு அப்போது வேறு பயம். பதினோரு பெண்கள் ஒரே களத்தில் தோளோடு தோள் உரச வேலை செய்கிறார்கள். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை. இங்கே நான் படிப்பதெல்லாம் சாவு எண்ணிக்கை. இடையே ஒரு நல்ல செய்தியும் கண்ணில் பட்டது: உலகம் முழுக்கப் பெட்டி, அட்டை, பொட்டலத் தொழில்கள் மட்டும் ஏறுகின்றன. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஈர ட்ரேயை உள்ளே விட்டால் காய்ந்து வெளியே வரும் டிரையர் மெஷின் ஒன்றை இணையத்தில் பார்த்தேன். இருபத்தெட்டு லட்சம். மூன்று பேர் போதும். மழை வந்தாலும் ஓடும். அக்கா களத்தில் நிற்க வேண்டியதில்லை.

"வெயிலுக்கு யாரும் வட்டி கேக்கறதில்லைடா" என்றாள்.

"இப்ப வாங்கறதை விட்டா அப்புறம் முடியாது அக்கா. கடன் சுலபமாத் தராங்க. ஆறு லட்சத்தோட சேர்த்து முப்பத்து நாலாக் கேட்கலாம்."

மூன்று நாள் பேசினேன். நான்காம் நாள் அவள், "சரி, எழுது. ஆனா நெசத்தை எழுது" என்றாள். "நேத்துத்தான் செவ்வாக்கெழமை. பாஸ் வாங்கீட்டுப் பத்துப் பண்ணையும் பாத்துட்டு வந்தேன். ஏழு பண்ணையில குஞ்சு உடவே இல்லை. இருக்கற கோழிக்கே தீனி போட முடியாம கெடக்கறாங்க, குஞ்சுக்கு எங்க போவாங்க? ரெண்டு மாசமா இப்படித்தான். ஆவணியில பாதிதான் ஓடும். புரட்டாசி, ஐப்பசி அதுக்கும் கம்மி. தை வரைக்கும் எந்திரிக்காது. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். ஒரு துண்டுத்தாளில், பேனாவால், தமிழில். பிறகு கம்ப்யூட்டரில் கட்டங்களைப் போட்டேன். மே, ஜூன், ஜூலை ஏறிக்கொண்டே வந்தன. ஆகஸ்ட் கட்டத்தில் பாதியைப் போட்டதும் கீழே தவணைக்கு நேரே சிவப்பு எண் வந்தது. செப்டம்பரிலும் சிவப்பு. இப்படி ஒரு தாளைப் பார்த்து எந்த வங்கி முப்பத்து நாலு லட்சம் தரும்? மறுநாள் அவளிடம் சொன்னேன்.

"அக்கா, அது குஞ்சு பாத்துப் போட்ட கணக்கு. பேங்க்ல அதுக்கு ஆதாரம் கேட்பாங்க. மார்க்கெட் ஏறுதுன்னு போடறேன். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

போனுக்கு அப்பால் யாரிடமோ மெஷினை நிறுத்தச் சொன்னாள்.

"நீ படிச்சவன். உனக்குத் தெரியும்" என்றாள்.

நான் போட்ட தாள் அழகாக இருந்தது. மாதம் எட்டு சதவீதம் ஏற்றம். முப்பத்து நாலும் கிடைத்தது. வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துவிட்டு வந்து அக்கா சிரித்தபடிதான் சொன்னாள்: "மேனேஜரம்மா உன்ற பேப்பரைப் பாத்துட்டு, யாருங்க இது தயார் பண்ணுனதுன்னு கேட்டாங்க. என்ற தம்பின்னேன்."

ஆள் வராமல், லாரி வராமல், டிரையர் வந்து இறங்கியது ஜூலையில். பொருத்தி ஓட்டிப் பார்த்தது ஆகஸ்ட் இருபதாம் தேதி. ஆவணி நான்கு. வீடியோவில் பார்த்தேன். பச்சைப் பெயிண்ட் பளபளக்க, கொட்டகையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். ட்ரேக்கள் ஒரு வாயில் ஈரமாகப் போய் மறு வாயில் மொறுமொறுவென்று வந்து விழுந்தன. செல்லாயி ஒன்றைத் தட்டிப் பார்த்து, "அப்பளமாட்ட இருக்குதுடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வாரமே ரமேஷ்குமார் வந்தார். டிரையரைச் சுற்றிப் பார்த்தார். அக்கா டீ கொடுத்தாள்.

"நல்லா இருக்குதுங்க அக்கா. ஆனா எனக்கு இனிமே பாதி லோடு போதுங்க."

"தெரியும் சாமி."

"கெழட்டுக் கோழியை எல்லாம் வந்த வெலைக்குத் தள்ளிட்டேன். புதுசு இல்லைங்க. மூணு செட்டு சும்மா நிக்குது. போன சித்திரையில எவ்வளவு போட்டாலும் எடுத்துக்கறேன்னு வாயில சொல்லிப்போட்டேன். அதுக்காகச் சங்கடமா இருக்குதுங்க."

"நீ என்ன பண்ணுவ? குஞ்சு உடலைன்னு நாந்தான் வந்து பாத்தேனே."

அக்டோபரில் முட்டை விலை ஐந்து ரூபாயைத் தாண்டியது. அப்படியொரு விலையை நாமக்கல் அதுவரை பார்த்ததில்லை என்று செய்தி வந்தது. ஆபீசில் இருந்தபடியே அவளைக் கூப்பிட்டேன். எனக்கு மூச்சு விட முடிந்தது.

"அக்கா, முட்டை விலை ஏறிருச்சே! பாத்தியா?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என்மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"வெலை எதுக்கு ஏறுது? முட்டை இல்லை, ஏறுது. பண்ணைக்காரனுக்கு வெலை போதும் சாமி. எனக்கு எண்ணிக்கை வேணும். அஞ்சு ரூவா முட்டையா இருந்தாலும் ஒரு ட்ரேயில முப்பதுதானே நிக்கும்?"

சுவரில் ஐப்பசிக்கு நேரே அவள் சாக்பீஸில் போட்டிருந்த எண்ணுக்கும் அந்த மாதம் ஓடிய ட்ரேக்கும் நானூறுதான் வித்தியாசம். என் தாளில் அதே மாதத்துக்கு இருந்த எண் அதைப்போல மூன்று மடங்கு.

டிரையருக்கு விறகு வேண்டும். டிரையருக்குத் தவணை வேண்டும். மூன்று பேர் போதும் என்ற இடத்தில் அவள் பதினோரு பேரையும் வைத்திருந்தாள். வேறு வேலை எங்கேயும் இல்லாத வருடம் அது. வெயிலடித்தால் டிரையரை அணைத்துவிட்டுக் களத்திலேயே காயப் போட்டார்கள். ஒருநாள் நான் லைனில் இருக்கும்போதே செல்லாயி அவளிடம் கத்தினாள்.

"இந்த இரும்புக்கும் சோறு போடற, எங்களுக்கும் சோறு போடற. உனக்கு எவடி போடுவா? எட்டுப் பேரை நிறுத்துடி. மொதல்ல என்னை நிறுத்து. எனக்கு மகன் இருக்கறான்."

"உன்ற மகன் போடற சோத்தைத்தான் பாத்தனே, போன தீவாளிக்கு."

"அது கெடக்குது கழுதை. நிறுத்துடின்னா!"

நிறுத்தவில்லை. தையில், அவள் சொன்னபடியே, ட்ரே மெல்ல எழுந்தது. ஆனால் எழுந்த வேகம் தவணையை எட்டவில்லை. அடுத்த மே மாதம் இரண்டாம் அலை வந்து மறுபடி லாரிகள் நின்றன. பழைய பேப்பர் விலை ஏறியது. வீடுகளில் பேப்பர் வாங்குவதையே நிறுத்தியிருந்தார்கள், பரீட்சை நடக்காததால் விடைத்தாள் கட்டும் வரவில்லை. நான் இங்கிருந்து அனுப்பிய பணத்தை இரண்டுமுறை வாங்கினாள். மூன்றாம் முறை திருப்பி அனுப்பிவிட்டாள்.

"ஓட்டைத் தொட்டியில தண்ணி ஊத்தாத. உனக்கும் பிள்ளைக இருக்குது."

"நான் எழுதினதுதானே அக்கா..."

"கையெழுத்துப் போட்டது நானு."

அவளுக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. வீட்டை விடுவது, இல்லை கம்பெனியை விடுவது. அக்டோபரில் டிரையரை ஈரோட்டுப் பக்கத்து ஆள் ஒருவர், அக்கா வாங்கின விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு எடுத்துக்கொண்டார். மெஷின் எடைக்குப் போனது. களத்தையும் கொட்டகையையும் ஒரு தீவனக்காரர் லாரி நிறுத்த வாங்கினார். வங்கிக் கடனைக் கட்டியதும் வீட்டுப் பத்திரம் திரும்பி வந்தது. மிச்சத்தில் பதினோரு பேருக்கும் ஆளுக்கு ஒரு மாதக் கூலி.

மெஷின் போவதற்கு முந்தின நாள் கடைசியாக ஒரு தொட்டி அடித்தார்கள். வேஸ்ட் பேப்பர் போதவில்லை. அலமாரியில் இருந்த பழைய பில் புத்தகம், காலண்டர், ஃபைல் எல்லாவற்றையும் கொண்டுவந்து தொட்டியில் போடச் சொன்னாள். என் தாளும் போயிற்று. போனில் கேட்டேன்.

"காயிதம் காயிதந்தானேடா" என்றாள். "நல்ல காயிதம் அது. கூழு வெள்ளையா வந்துச்சு."

மறு ஜனவரியில்தான் எனக்கு ஊருக்கு வர முடிந்தது. அக்கா இப்போது ரமேஷ்குமார் பண்ணையில் முட்டை ரூமுக்குப் பொறுப்பு. காலை ஆறரைக்குப் போய், வருகிற முட்டையை எண்ணி, உடைந்ததை ஒதுக்கி, லாரிக்கு ஏற்றிவிட வேண்டும். செல்லாயியும் அங்கேதான், கூட்டுகிற வேலை.

"உன்ற அக்கா இங்கயும் என்னை முதுகு நிமித்த உடறதில்லை சாமி" என்றாள் என்னிடம். "முதலாளியா இருந்தப்பவாவது என்கிட்ட வெசவு வாங்கீட்டு இருந்தா."

முட்டை ரூமில் அடுக்கியிருந்த ட்ரேக்களைப் பார்த்தேன். வேறு ஏதோ கம்பெனியுடையது. அக்கா ஒன்றை எடுத்து ஓரத்தை விரலால் அழுத்தினாள். பொடிப்பொடியாக உதிர்ந்தது. ட்ரேயை அடுக்கில் திரும்ப வைத்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அரைநாள் லீவு கேட்டுவிட்டு மொபெட்டை எடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். எங்கே என்று கேட்கவில்லை. பழைய களத்தைத் தாண்டித்தான் போனோம். நான்கு லாரிகள் நின்றன. அவள் வேகத்தைக் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. பத்துப் பண்ணையிலும் கடைசிச் செட்டு வரை போனாள். மருந்துத் தண்ணீரில் கால் நனைத்தாள். பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் மஞ்சளாகக் கத்திக்கொண்டிருந்த குஞ்சுகளைப் பார்த்தாள். "எத்தனைங்க?" என்றாள். யாரும் எதற்கென்று கேட்கவில்லை. அக்கா வருவாள் என்று தெரிந்தவர்கள்போலச் சொன்னார்கள்.

திரும்பும்போது மோகனூர் ரோட்டோரம் கரும்பு லாரிக்கு வழிவிட்டு வண்டியை நிறுத்தினாள்.

"ஒம்பது பண்ணையில உட்டிருக்கறாங்க" என்றாள் முன்னால் பார்த்தபடியே. "பேட்ச் எல்லாம் பெருசு. வைகாசிக் கடைசியில இந்தச் சுத்துப்பட்டுல ட்ரே கெடைக்காது பாரு. பகலும் ராத்திரியும் ஓட்டுனாலும் போதாது."

லாரி போய்விட்டது. அவள் இன்னும் வண்டியைக் கிளப்பவில்லை. நான் காத்திருந்தேன். எழுதிக்கோ என்று அவள் சொல்லவில்லை.