இரண்டாவது விமானம்

என் வீட்டுக்காரர் எந்த விமான மியூசியத்துக்குப் போனாலும் முதலில் செய்கிற காரியம் மண்டி போடுவதுதான். பழைய போர் விமானம் ஒன்று நின்றால் போதும், கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டிப் போய், சக்கரம் மடங்குகிற குழிக்குள் தலையை நுழைத்து, டார்ச் அடித்துப் பார்ப்பார். காவலாளி கத்திக்கொண்டே ஓடி வருவார். "பெரியவரே, வெளிய வாங்க!" நான் இவர் யாரோ எவரோ என்பதுபோல் பக்கத்து இன்ஜினை வேடிக்கை பார்ப்பேன். அந்த நேரத்தில் என் மானம் கப்பலேறிக்கொண்டிருக்கும்.

வாலில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப முடியாதாம். மியூசியத்துக்காரர்கள் புதுப் பெயின்ட் அடிக்கும்போது அழகுக்கு ஏதாவது ஒரு எண்ணை எழுதிவிடுவார்களாம். நிஜ எண் அந்தக் குழிக்குள், உள்ளங்கை அகலத் தகட்டில் இருக்குமாம். மற்ற குடும்பங்கள் லீவுக்குக் கடலைப் பார்க்கப் போயின. நாங்கள் பறக்காத விமானங்களைப் பார்க்கப் போனோம். "எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா, எந்த ஊர்லன்னுதான் தெரியல" என்று சொந்தக்காரர்களிடம் சொல்வேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இவர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். அவர்களுடைய கருவிப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். வேலை முடிந்து பார்க்கும்போது ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும், அன்றைக்குக் கை வைத்த விமானம் எதுவும் கிளம்பக் கூடாது. கருவி கிடைக்கும்வரை தேடியே ஆக வேண்டும்.

நான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்த நாள் அது. ஒரே மாதிரியான இரண்டு விமானங்களில், பைலட் உட்காரும் இடத்துக்குக் கீழே இவர் வேலை பார்த்திருக்கிறார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று தகவல் வந்தது. லீவும் கிடைத்துவிட்டது. ஊருக்கு இருந்தது ஒரே பஸ். பெட்டியை மூடும்போது பார்த்தால், குட்டை ஸ்க்ரூடிரைவரின் பள்ளம் காலி. சொன்னால் இரண்டு விமானமும் நிற்கும், இவரும் நிற்க வேண்டும். சொந்தப் பையில் அதே அளவில் ஒன்று கிடந்தது. அதை எடுத்துப் பள்ளத்தில் வைத்துவிட்டார். சோதிக்க வந்தவர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இவர் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் அந்த இரண்டில் ஒன்று கடலில் விழுந்தது. பைலட் பிழைக்கவில்லை, உடைந்த பாகங்கள்கூடக் கிடைக்கவில்லை. காரணம் தெரியவில்லை என்று விசாரணையை முடித்தார்கள். லீவு முடிந்து இவர் போவதற்குள் இன்னொரு விமானத்தை வேறு தளத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இருக்கைக்குக் கீழேதான் விமானத்தைத் திருப்புகிற கம்பிகள் ஓடுகின்றன. நடுவில் ஒரு ஸ்க்ரூடிரைவர் சிக்கினால் யாராலும் அசைக்க முடியாதாம். அது கிடந்தது விழுந்த விமானத்திலா, தப்பித்த விமானத்திலா? தப்பித்ததில் கிடந்தது என்று தெரிந்தால் இவர் கொலைகாரர் இல்லை. அந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை மண்டி போடுதலும்.

படையை விட்டு வந்து பம்பு ரிப்பேர் கடை வைத்தார். நல்ல வேலைக்காரர். நல்ல அப்பா என்றும் சொல்லலாம், மகளின் பிறந்தநாளைத் தவிர. அன்றைக்கு விடிவதற்கு முன்னால் கடைக்குப் போனால் அவள் தூங்கிய பிறகுதான் வருவார். "அப்பாவுக்கு என்னைப் பிடிக்காதாம்மா?" என்று கேட்பாள். வேலை அதிகம் என்று கூசாமல் பொய் சொல்லியிருக்கிறேன். நான் தையல்காரி. குண்டூசி ஒன்று குறைந்தாலும் உதறிப் பார்க்காமல் துணியைக் கொடுக்க மாட்டேன். இவர்மேல் எனக்குப் பரிதாபம் உண்டு. அதைவிடக் கோபம் அதிகம். ஆனால் இவர் புலம்பும்போதெல்லாம், "விழுந்ததுல இருந்திருக்காதுங்க, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க" என்றுதான் தேற்றினேன்.

போன மாதம் அந்தத் தப்பித்த விமானம் கிடைத்தது. புதிதாகத் திறந்த மியூசியம், வரிசையில் கடைசி விமானம். குழிக்குள் தலையை விட்டவர் வெளியே வரவில்லை. காலைத் தட்டினேன்.

"அதேதாம்மா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அங்கே விமானங்களைச் சீர்செய்து வைக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். இவர் அதில் வேலை பார்த்தவர் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தானே ஏணி போட்டு, இருக்கைக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். இவர் ஏறினார். கீழே ஏணியைப் பிடித்தபடி நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

உள்ளே ஒன்றுமில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"இங்க வந்தப்ப உள்ள ஏதாவது கிடந்துச்சாம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"எங்ககிட்ட வந்ததே வெறும் கூடுதான் சார். கம்பி, வயரு எல்லாத்தையும் முன்னாடியே உருவி, பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. என்ன சார் தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். இனி எந்த ஊர் மியூசியத்துக்குப் போயும் பயனில்லை.

"இதுலதான் இருந்திருக்கும். உருவினவங்க தூக்கிப் போட்டிருப்பாங்க. இல்ல?" என்று என் முகத்தையே பார்த்தார்.

வழக்கம்போல ஆமாம் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

"எனக்கு எப்படிங்க தெரியும்? இருந்திருந்தா மட்டும் என்ன? காலிப் பள்ளத்தை மூடிட்டு பஸ் ஏறினது நீங்கதான. உங்க பெட்டியை நம்பித்தான அந்த பைலட் ஏறினாரு?"

சொல்லிவிட்டேன். மனுஷன் இடிந்துபோய்விடுவார் என்று பயந்தேன். அவரோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமா. நான்தான் மூடிட்டு பஸ் ஏறினேன்," என்றார். "நீயும் சமாதானம் சொல்லிக்கிட்டே இருந்தா நான் யார்கிட்ட போய் இதை ஒத்துக்கிறது?" பிறகு, "மகளுக்குப் போன் போடு," என்றார்.

ஸ்பீக்கரில் போட்டுக் கையில் கொடுத்தேன். ஆஸ்பத்திரி, பஸ், பள்ளம், கடலில் விழுந்தது, பிறந்தநாளில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கடைக்கு ஓடியது, எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசவில்லை. அழுவாள், இல்லை பொய் சொன்னதற்கு என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கூடவே குடும்பம் நடத்தின நான் ஒரு நாளும் கேட்காத கேள்வி.

"அந்த பைலட்டுக்குக் குழந்தைங்க இருந்தாங்களாப்பா?"

இவர் போனைக் காதுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"ஒரு பொண்ணு இருந்துச்சும்மா," என்றார். "அப்பதான் நடக்க ஆரம்பிச்சிருந்துச்சு."