குடை விரிந்திருந்தால்

அன்று ஆடிப் பதினெட்டு. பிற்பகல் மூன்றே முக்காலுக்கு, அலுவலகத்திலிருந்து வந்த நீண்ட அழைப்பை முடித்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. சமையலறை மேடையில் நான் மூடி வைத்திருந்த சித்திரான்ன டப்பா இல்லை. மகளின் செருப்பும் இல்லை. பால்கனிக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். எதிர்ச்சாரியில், வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் ஜெராக்ஸ் கடையின் சுவரில் அந்தக் கறுப்புக் குடை மடங்கிச் சாய்ந்திருந்தது. குடைக்கு உரியவரைக் காணவில்லை. அவர் அங்கே வந்து தங்கிய நாளிலிருந்து குடையில்லாமல் அவரையோ, அவரில்லாமல் குடையையோ நான் பார்த்ததே கிடையாது. மனைவி அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லால்குடிக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் பத்து வயது மகளும் மட்டும்தான். இப்போது நான் மட்டும்.

குடைக்கார அக்கா என்பது மகள் வைத்த பெயர். சொந்தப் பெயரை நாங்கள் கேட்டதுண்டு. கேட்ட ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தது. ஊரும் அப்படித்தான், ஒரு நாள் ஜீயபுரம், இன்னொரு நாள் கரூர். ஒரு மழைக்காலத்தில் தயிர்சாதத்தோடு தொடங்கியது எங்கள் பழக்கம். கையில் வாங்க மாட்டார். சுவர் ஓரத்தில் வைத்துவிட்டு நகர வேண்டும். நல்ல நாட்களில் கிண்டலெல்லாம் வரும். "சாரு, வீட்டுல அம்மாகூட சண்டையா? சாம்பார்ல உப்பே இல்ல" என்பார். மனைவி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். கெட்ட நாட்களில் யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார். ஒரு முறை பால்காரர் மீது கல் எறிந்தார். அதனால் நாங்கள் எங்களுக்குள் சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டோம். மகள் தனியாகப் போகக் கூடாது. நான் சாப்பாட்டை வைக்கும்போது அவள் மின்கம்பத்துக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். "தள்ளி நில்லும்மா" என்று ஒவ்வொரு நாளும் சொல்வேன். அந்த அக்காவின் காதில் விழும்படியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது இப்போது உறைக்கிறது.

குடையின் சங்கதியைக் கண்டுபிடித்தது மகள்தான். வெயிலும் மழையும் இல்லாத நேரத்தில் குடை விரிந்திருந்தால் அக்காவுக்கு அன்று மனசு சரியில்லை, கிட்டே போகக் கூடாது. மடங்கியிருந்தால் போகலாம். நாங்கள் சோதித்துப் பார்த்தோம், ஒரு நாளும் பொய்க்கவில்லை. பெரிய ரகசியத்தைத் தெரிந்துகொண்டதுபோல எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஒரு மனுஷியின் மனநிலையைப் பால்கனியில் நின்றே தெரிந்துகொள்ளலாம் என்று நம்பினேன். அன்று காலையில் மகள் மஞ்சள் சரடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அக்காவுக்குக் கட்டிவிடட்டுமா என்று கேட்டாள். கூட்டம் குறையட்டும், சாயங்காலம் சேர்ந்து போகலாம் என்றேன். அவள் குடையைப் பார்த்திருக்கிறாள். அது மடங்கியிருந்தது.

கீழே பூஜைச் சாமான் கடைக்காரரிடம் கேட்டேன். "அது அப்பவே ஆத்துப் பக்கம் போச்சு சார். கொஞ்ச நேரம் கழிச்சு உங்க பொண்ணும் டப்பாவோட அந்தப் பக்கம் போன மாதிரி இருந்துச்சு" என்றார். நான் ஓடத் தொடங்கியபோது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: "சோறு போட்டுப் பழக்குனீங்கள்ல, இப்ப தேடுங்க."

அம்மா மண்டபம் சாலை முழுக்க ஜனம். புதுமணத் தம்பதிகள், முளைப்பாரித் தட்டுகள், பலூன்காரர்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் படித்துறையின் மேல்படிவரை ஏறி நின்றது. நீல கவுன் போட்ட ஒவ்வொரு குழந்தையும் என் மகளாகத் தெரிந்து, கிட்டே போனதும் வேறு யாரோவாக மாறியது. தண்ணீரைப் பார்க்கப் பயந்து ஆட்களையே பார்த்துக்கொண்டு ஓடினேன். ஆறு இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைப்பதைவிட ஒரு மனுஷி கூட்டிக்கொண்டு போயிருப்பாள் என்று நினைப்பது எனக்கு எளிதாக இருந்தது. மனுஷியைப் பிடிக்கலாம், ஆற்றை என்ன செய்ய முடியும்?

போலீஸ் பந்தலில் இருந்த பெண் காவலரிடம், "தெருவுல இருக்கற ஒரு பொம்பளை என் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டா" என்றேன். எனக்குத் தெரிந்ததைவிட அதிகமாகச் சொன்னேன். அடையாளம் கேட்டார். பச்சைச் சேலை, மாம்பழ நிறக் கரை, கரையில் சின்னச் சின்ன அன்னங்கள் என்று தடுமாறாமல் சொன்னேன். ஏன் தெரியாது? அது என் மனைவியின் சேலை. பொங்கலுக்கு அவள்தான் துவைத்து, மடித்து, அக்காவுக்குக் கொடுத்தாள். அந்தக் கூட்டத்தில் யாரையும் இவ்வளவு துல்லியமாக அடையாளம் காட்டியிருக்க முடியாது. ஒலிபெருக்கி அதைப் படித்துறை முழுவதும் சொன்னது. பார்ப்பவர்கள் பிடித்து ஒப்படைக்கவும் என்று முடித்தது.

கொஞ்ச நேரத்தில் பெண்கள் உடை மாற்றும் அறைக்கு அந்தப் பக்கம் கூச்சல் எழுந்தது. பெண் காவலர் லத்தியோடு கூட்டத்துக்குள் பாய்ந்தார். என்னால் உள்ளே நுழைய முடியவில்லை. முதுகுகளும் ஓங்கிய கைகளும்தான் தெரிந்தன. அவர் திரும்பி வந்தபோது தொப்பி இல்லை, இடுப்பில் என் மகள் இருந்தாள். கவுன் இடுப்புவரை நனைந்து, மணிக்கட்டில் ஐந்து விரல்களின் தடம் சிவந்திருந்தது. என்னிடம் தாவியவள் கேட்டது ஒன்றுதான். "அடிக்காதீங்கன்னு சொல்லுங்கப்பா." பெண் காவலர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அந்தம்மா கூட்டிட்டுப் போனத நீங்க கண்ணால பாத்தீங்களா சார்?"

நடந்ததை மகள் பிறகு சொன்னாள். அக்காவைச் சுவரோரம் காணாமல் படித்துறைக்குத் தேடிப் போயிருக்கிறாள். சரடு கட்டக் கிட்டே போனபோது கூட்டம் நெருக்கி, இவள் தண்ணீருக்குள் சறுக்கியிருக்கிறாள். அக்கா மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்துவிட்டார். அதன்பின் அந்தக் கையை விடவில்லை. "செல்வி, செல்வி" என்று யாரையோ கூப்பிட்டபடி இவளைப் படிகளில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். இவள் வலி தாங்காமல் அழுதிருக்கிறாள். அப்போதுதான் ஒலிபெருக்கி பேசியது.

செல்வி யார் என்று எனக்குத் தெரியாது. யாரும் தடுக்காமல் இருந்திருந்தால் அந்தக் கை என் மகளை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும்? மனைவியும் எப்போதாவது இதைக் கேட்பாள். நாங்கள் பயந்ததில் தவறில்லை என்றுதான் இன்றும் தோன்றுகிறது. சோறு போட்டதிலும் தவறில்லை. ஆனால் கல்படியில், எங்கள் வீட்டுச் சேலையில், அக்காவின் ரத்தம் இருந்தது. மறுநாள் அவரைச் சேர்த்திருந்த அரசு மருத்துவமனைக்குப் போனபோது கட்டில் காலியாகக் கிடந்தது. யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார் என்றார்கள். சத்திரம் பேருந்து நிலையம், காந்தி மார்க்கெட் வாசல், தேவாலயப் படிகள் என்று எல்லா இடத்திலும் தேடினேன். படுத்திருப்பவர்களின் முகத்தைக் குனிந்து பார்த்தால் அவர்கள் பயந்து எழுந்து உட்காருகிறார்கள். அவர்களுக்கு நான்தான் ஆபத்தான ஆள்.

குடை எங்களிடம் இருந்தது. மகள் அதைக் காலையில் மடக்கியபடியே கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துவிட்டு வருவாள், சாயங்காலம் எடுத்து வருவாள்.

போன வாரம், மழையும் வெயிலும் இல்லாத ஒரு காலையில், பால்கனியிலிருந்து பார்த்தபோது குடை விரிந்திருந்தது. இட்லியை டப்பாவில் போட்டுக்கொண்டு இறங்கினேன். மகள் பின்னாலேயே வந்துவிட்டாள். அக்காதான். புருவத்தின் மேல் ஒரு தழும்பு, முன்பல் ஒன்று இல்லை, வேறு யாரோ கொடுத்த சேலை. டப்பாவைச் சுவரோரம் வைத்தேன். மகள் மின்கம்பத்தைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்தாள். அவள் கைக்குள் அந்த மஞ்சள் சரடு இருந்தது. அக்கா முகம் மறையும்படி குடையைத் தாழ்த்திக்கொண்டார். அதற்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"புள்ளையத் தள்ளி நிக்கச் சொல்லுங்க சாரு."