வுழூக் கல்

ஏழாம் வகுப்பில் வரலாற்று ஆசிரியர் தந்த ஓர் ஒப்படை எங்கள் வீட்டையே ஒருநாள் கிளப்பிக்கொண்டு போனது. கல்லோயாப் பள்ளத்தாக்கில் ஒரு பழைய இடத்தையும் பழம்பொருட்கள் வைத்திருக்கும் ஒரு நூதனசாலையையும் பார்த்துவிட்டு நான்கு பக்கம் எழுத வேண்டும். மற்றப் பிள்ளைகள் நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து எழுதி முடித்துவிட்டார்கள். வாப்பா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். ஆசிரியர் பார் என்றால் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்பது அவருடைய கட்சி.

வாப்பாவின் தம்பியான சாச்சாவின் வான் வண்டியில் உம்மா சோற்றுப் பார்சல்களோடு ஏறினார். வாப்பா பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டார். கல்முனையிலிருந்து மேற்கே போகப் போக வயலும் வாய்க்காலுமாக இருந்தது. இங்கினியாகல அணைக்கட்டில் இறங்கியதும் வாப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் இவ்வளவு பெரிய இடத்திலிருந்து புறப்படுகிறது என்பதை அவர் அன்றுதான் கண்ணால் கண்டார்.

"கேட்டுப் பாருங்க காக்கா, நம்மட வாய்க்காலுக்கு மட்டும் கொஞ்சம் கூடத் தொறந்து விடுவாங்களோ எண்டு" என்றார் சாச்சா. வாப்பா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நூதனசாலை இரண்டு அறைகள் கொண்ட சின்னக் கட்டடம். வாசலில் வருகைப் பதிவேடு இருந்தது. வாப்பா பேனையை எடுத்து என்னிடம் தந்தார். எங்கள் வீட்டில் எழுத்து வேலை எல்லாம் என்னுடையது. பிரதேச செயலகத்துப் படிவம், மருந்துப் போத்தலின் குறிப்பு, உரக் கடிதம், எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். நான் எழுதினால் பிழை இராது என்று வாப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பெயரைக் காப்பாற்ற, ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் வாப்பாவின் பெயரையும் விலாசத்தையும் எழுதினேன். கட்டத்தில் இன்னும் இடம் மீந்திருந்தது. வெறுமையாக விட மனம் வராமல், விவசாயி என்றும், எங்கள் வயல்வெளியான நாவலடி வட்டை, இறக்காமம் என்றும் சேர்த்துவிட்டேன்.

உள்ளே இரண்டாவது அறையில், தரையில் கிடந்தது அந்தக் கல். அகலமான பலகைக் கல். மேலே இரண்டு பாதங்கள் வைக்கும் மேடுகள், நடுவே நீர் ஓடும் ஒரு தவாளிப்பு, அதன் முடிவில் ஒரு துளை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். இறக்காமத்து வயலில் காவல் குடிசையான வாடியின் பக்கத்தில் எங்களிடமும் அப்படியே ஒன்று இருந்தது. காடு வெட்டியபோது வாப்பாவின் வாப்பாவான மூத்தாப்பா மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது. தொழுகைக்கு முன் கை, முகம் கழுவி, கடைசியில் அந்த மேடுகளில் ஏறி நின்று கால் கழுவுவோம். தண்ணீர் சேறாகாமல் துளை வழியே ஓடிவிடும். வுழூ என்னும் அந்தக் கழுவலுக்கென்றே யாரோ செதுக்கி வைத்ததுபோல இருக்கும். நாங்கள் அதை வுழூக் கல் என்றுதான் சொல்வோம்.

பக்கத்தில் இருந்த பலகையை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். பண்டைய மடாலயங்களில் பிக்குகள் சிறுநீர் கழிக்கப் பயன்படுத்திய கல் என்று எழுதியிருந்தது. வாசித்த வேகத்திலேயே, "வாப்பா, இது நம்மட வாடியில இரிக்கிற வுழூக் கல்லுதானே?" என்றேன்.

வாப்பாவின் கை என் தோளில் இறுகியது.

அவர் பயந்தது எதற்கென்று இங்கே சொல்லிவிட வேண்டும். மூத்தாப்பாவின் பெயரில் இருந்த ஒரு பழைய பெர்மிட் தாளைத் தவிர அந்த வயலுக்கு எங்களிடம் வேறு ஆதாரம் இல்லை. அடுத்த வட்டையில் ஒருவருடைய வயலில் பழைய தூண் ஒன்று கிளம்பியிருந்தது. தொல்பொருள் திணைக்களத்தார் ஜீப்பில் வந்து, அளந்து முடியும்வரை உழ வேண்டாம் என்று சொல்லிக் கட்டை அடித்துப் போனார்கள். இரண்டு போகம் கடந்தும் அங்கே ஏர் இறங்கவில்லை. வாப்பாவும் சாச்சாவும் இதைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் நான் கொப்பியில் மூழ்கியிருந்தேன்.

மூலையில் கதிரையில் இருந்த அதிகாரி எழுந்து வந்தார். நரைத்த மீசை. மட்டக்களப்பில் வேலை பார்த்தபோது தமிழ் பழகியவராம். குனிந்து என் முகத்துக்கு நேராக, "தம்பி, நீங்க இது எங்க பாத்தது?" என்றார்.

"சின்னப் புள்ள சேர்" என்றார் வாப்பா. "எதக் கண்டாலும் ஊட்ட இரிக்கெண்டுதான் சொல்லுவான்."

சாச்சா முந்திக்கொண்டார். "இவன் சொல்றது பள்ளிவாசல் கக்கூசுக் கல்ல, சேர். அதுவும் அச்சா இப்பிடித்தான்."

அதிகாரி சிரித்தார். ஆனால் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் வாப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புத்தகத்துல பாத்த" என்றேன்.

பொய் சொன்னால் உதட்டில் தட்டுகிறவர் வாப்பா. அன்று தட்டவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

அதிகாரி நிமிர்ந்தார். வாப்பாவின் கைகளையும், வரப்பிலே நடந்து விரிந்த பாதங்களையும் பார்த்தார். பிறகு பொதுவாகச் சொல்வதுபோல, அப்படிப்பட்ட கல் எங்கே கிடந்தாலும் உடைக்காமல் விட்டால் நல்லது என்று மெதுவாகச் சொன்னார். வாப்பா தலையாட்டிவிட்டு வெளியே நடந்தார்.

நாங்கள் வானுக்கு அருகே போனபோது, "தம்பி, நீங்க மட்டும் வாங்க" என்று அதிகாரி வாசலில் நின்று கூப்பிட்டார். வாப்பாவின் ஒரு கால் வானுக்குள்ளும் ஒரு கால் தரையிலுமாக அப்படியே நின்றது.

அதிகாரி பதிவேட்டைத் திறந்து நான் எழுதிய வரியில் விரலை வைத்தார். "எழுத்து வடிவு. ஆனா இதுல ஊர்ப் பேர் மட்டும் போதும். மத்தது வெட்டுங்க."

விவசாயி என்பதிலிருந்து இறக்காமம் வரைக்கும் ஒரு கோடு போட்டேன். போதாது என்றார். எழுத்துத் தெரியாதபடி மேலும் மேலும் கிறுக்க வைத்தார். கடைசியில், பாதிப் பக்கம் வெறுமையாக இருக்க, தாளைப் புரட்டிப் புதுப் பக்கத்தை விரித்து வைத்தார். எனக்கு முகம் எரிந்தது. படிவம் நிரப்புவதில் பிழை விட்டுப் பிடிபட்டது அதுவே முதல் தடவை.

திரும்பி வந்ததும் வாப்பா கேட்டார். "என்னவாம்?"

"எழுத்து வடிவாம்."

"அப்ப வாசிச்சிரிக்காரு" என்றார் வாப்பா. பிறகு, "அதுல என்னெல்லாம் எழுதின?" என்றார்.

"எல்லாம் எழுதின வாப்பா. வட்டைப் பேரும்."

வெட்டச் சொன்னதை நான் சொல்லவில்லை. சொன்னால் பிழை விட்டதையும் சொல்ல வேண்டி வரும்.

சோற்றுப் பார்சல்கள் பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பின. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வாப்பாவும் சாச்சாவும் கல் பெயர்க்கும் அலவாங்கோடு வயலுக்குப் போனார்கள். நானும் போனேன். உடைத்து ஆற்றில் போட்டுவிடலாம் என்றார் சாச்சா. வாப்பா அலவாங்கை ஓங்கினார். மூத்தாப்பாவின் பாதங்கள் நின்று தேய்ந்த மேடுகளைப் பார்த்தபடி ஓங்கிய கையைத் தாழ்த்தினார். பிறகு இருவரும் வயலின் நடுவிலே இடுப்பளவு கிடங்கு வெட்டி, கல்லைக் குப்புறப் போட்டு மூடினார்கள்.

என் மனதில் அரித்துக்கொண்டிருந்தது வேறு ஒன்று. "வாப்பா, அதுல நிண்டு கால் கழுவித் தொழுத தொழுகையெல்லாம் கூடாம போயிருமா?"

வாப்பா கிடங்கின் மேல் மண்ணை மிதித்து இறுக்கினார். "ஓடுற தண்ணி சுத்தம் மனே. அத நினைக்காத" என்றார்.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. வாப்பாவின் கவலையும் அதோடு தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டேன். ஒப்படைக்கு முழுப் புள்ளிகள் கிடைத்தன. நான்கு பக்கத்தில் அந்தக் கல்லைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அதன் பின் இரண்டு போகம் விளைந்து அறுத்தோம். விடுமுறை நாட்களில் வாடியில் இருந்து நான் படித்துக்கொண்டிருப்பேன். வயல் பாதையில் எப்போதாவது ஒரு ஜீப் சத்தம் கேட்கும். வாப்பா செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து, நெற்றியில் கை வைத்துப் பாதையையே பார்ப்பார். வண்டி வளைவில் திரும்பி வேறு வட்டைக்குப் போய்விடும். யாரோ வேண்டியவர்களை எதிர்பார்க்கிறார் போலும் என்று நினைப்பேன். அவர்கள் வராமல் போனதற்கு ஏன் அத்தனை தடவை அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனைப் புகழ்கிறார் என்று மட்டும் எனக்கு அப்போது விளங்கவில்லை.